கூலண்ட் எங்கே போகிறது என்று ஏழு மாதம் தேடிய கதை

என் கார் 14 வருடப் பழசு. பெயின்ட் மங்கிவிட்டது, பின்கதவு ஒன்று ஓங்கி அடித்தால்தான் மூடும், ஆனால் என்ஜின் ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான், என்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலண்ட், அதன் டப்பாவில் அளவு இறங்கியிருப்பதை முதல் தடவை பார்த்த அன்று, ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றி பானெட்டை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் மறுபடி ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. மறுபடி ஊற்றினேன். இப்படியே மூன்று மாதம். தரையில் ஈரம் இல்லை, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது, வயசான வண்டி கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் தப்பு அதுதான். கூலண்ட் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் கிடையாது, மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பது. வருடத்துக்கு ஒரு சொட்டு குறைந்தால் கண்டுகொள்ளாமல் விடலாம். வாரம் ஒரு விரல் குறைகிறது என்றால் ஒன்று வெளியே போகிறது, இல்லையென்றால் என்ஜினுக்குள் போகிறது. தரையில் ஈரம் இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்ததும் அறியாமைதான். சூடான என்ஜின் மேல் சின்னதாகக் கசிந்தால் தரைக்கு வரும் முன்னே ஆவியாகிவிடும். நிறுத்தியதும் பானெட் பக்கம் லேசாக ஒரு தித்திப்பு வாடை வந்துகொண்டிருந்தது, பாகு காய்ச்சுகிற மாதிரி. எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்தேன். என் வண்டியிலிருந்துதான் வந்திருக்கிறது.

முள்ளையும் நம்பாதீர்கள். பல கார்களில் என்ஜின் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் சும்மா பயப்படக் கூடாது என்று. அது நகர ஆரம்பிக்கும்போது நிலைமை ஏற்கெனவே மோசமாகியிருக்கும். கூலண்ட் ரொம்பவே குறைந்துவிட்டால் சென்சார் திரவத்தில் இல்லாமல் வெறும் ஆவியில் தொங்கும், அப்போது முள் கீழேகூட இறங்கிக் காட்டும். இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்தீர்களோ, முடிந்தது.

நான்காவது மாதம் ஒரு மதியம், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முள் முக்கால் பங்குக்கு ஏறியது. ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுசாகத் திறந்தால் என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ கேட்ட ஞாபகம், அதையும் செய்தேன். வெயிலில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டர் காற்றில் வெந்துகொண்டு ஓரம் கட்டினேன். அதுவரை செய்ததெல்லாம் சரி. அடுத்ததுதான் மடத்தனம். ஒரு 20 நிமிடம் காத்திருந்தேன், அதற்குள் பொறுமை போய்விட்டது, ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கால் சுற்றுகூட ஆகவில்லை. சீறிக்கொண்டு வந்த ஆவி மணிக்கட்டின் உள்பக்கத்தில் பட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. முகத்தை நேராக வைத்துக் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த மூடிக்குள் என்ன நடக்கிறது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி உள்ளே ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு, சுமாராக நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும்போது அதே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். ஆக என்ஜினுக்குள் 110 டிகிரியில் திரவமாகவே இருக்கிற ஒன்று, நீங்கள் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்ட அந்த நொடியில், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து வெளியே பாய்கிறது. துணி சுற்றுவதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். பிசைந்தால் அமுங்க வேண்டும், வெறும் கையால் தொட முடிய வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றுவதும் ஆபத்து, இரும்பும் அலுமினியமும் திடீர்க் குளிரில் விரிசல் விடும்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கசிவு தேட ஆரம்பித்தேன். இனிமேல்தான் காசு போன கதை.

முதலில் மூடியை மாற்றினேன். அது தப்பில்லை, இருப்பதிலேயே மலிவான பாகம், ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் பிடிக்காது. ஆனால் மூடியின் தலையில் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். என்னுடையதில் 1.1 என்று இருந்தது. கடையில் 0.9 கொடுத்து இதுவும் பொருந்தும் என்றார்கள். பொருந்தும்தான், அழுத்தம் குறையும், கொதிநிலையும் கூடவே இறங்கும். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியானதை வாங்கினேன். கசிவு நிற்கவில்லை.

அப்புறம் இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன், சக்கரங்கள் எங்கே வருகின்றன என்று பேனாவால் குறித்துவைத்தேன். இது நல்ல யோசனை, இப்போதும் யாருக்கும் சொல்வேன். காலையில் அட்டையில் மூன்று சொட்டு, பச்சையாக, ரேடியேட்டரின் இடது மூலைக்கு நேர் கீழே. குனிந்து பார்த்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேர்கிற விளிம்பில் பச்சையாகக் காய்ந்த ஒரு படிவு. பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்திலிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, பழைய வண்டி, தொட்டியும் பழுப்பேறிப் போயிருக்கிறது, ரேடியேட்டர்தான் என்றார். மாற்றினேன். ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் அதில் போனது.

நான்கு நாள் கழித்து அட்டையில் மறுபடி மூன்று சொட்டு. அதே இடம்.

அந்தக் காலையில் வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அட்டையைக் கிழித்து எறிந்தேன், பாவம் அது என்ன செய்யும். பிறகு யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. ரேடியேட்டர் விளிம்பில் பார்த்த அந்தப் பச்சைப் படிவு, மாதக்கணக்கில் நானே புனல் இல்லாமல் ஊற்றியபோது உள்ளே இருந்த கூலண்டோடு கலந்து வழிந்து சிந்தியது. கண்ணால் பார்த்த ஒரே தடயம் என் கைவேலை. ஆகவே கசிவு தேடுவதற்கு முன்னால் என்ஜின் பகுதியை ஈரத்துணியால் துடைத்துப் பழைய கறைகளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற கறைதான் சாட்சி. துடைத்த துணியையும் கீழே விழுந்த சொட்டையும் அப்படியே விட வேண்டாம், பெரும்பாலான கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போதும் அவற்றைக் கொல்ல.

அடுத்த தப்பு இன்னும் பெரிசு. கையில் காசு இல்லை, இன்னொரு மெக்கானிக்கிடம் போக நம்பிக்கையும் இல்லை. கூலண்டோடு கலந்து ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கிறார்களே, அந்தக் கரைசலை வாங்கி ஊற்றினேன். அது எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேலை செய்கிற மருந்து இல்லை, குறுகலாக இருக்கிற எந்த இடத்திலும் போய்ப் படியும். அப்படிக் குறுகலான குழாய்கள் ஹீட்டர் கோரில், அதாவது ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிற குட்டி ரேடியேட்டரில் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் ஹீட்டரைத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் காற்று வந்தது. கசிவு ஒரு பத்து நாள் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி. வேறு வழியே இல்லாமல் எங்கோ மாட்டிக்கொண்டால், வீடு வந்து சேருவதற்கு அது உதவலாம். வைத்துக்கொள்ளப் போகிற காரில் வைத்தியமாக ஊற்றாதீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஹெட் கேஸ்கட் பயம் பிடித்தது, என்ஜினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு அது. இரவு இரண்டு மணிக்கு ஃபோனில் படித்துக்கொண்டு கிடந்தேன். கூலண்ட் வெளியே போகிற இடம் தெரியவில்லை என்றால் உள்ளே போகிறது, உள்ளே போனால் என்ஜினைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் வண்டியின் விலையைவிடச் செலவு கூட. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தேன், உள்பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அன்று தூங்கவில்லை. ஆனால் அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லையாம். குறுகிய தூரமே ஓடுகிற வண்டியில் என்ஜின் முழுசாகச் சூடாகாமல், உள்ளே வியர்த்த ஈரம் ஆயிலோடு சேர்ந்து மூடியில் அப்படிப் படியும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும், அதிலும் பால் காபி நிறம் இருந்தால்தான் சிக்கல். என்னுடையது சுத்தமாக இருந்தது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டால், சூடான பிறகும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை தித்திப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால், ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்தால், அதெல்லாம் கேஸ்கட்டின் அறிகுறி. ஒர்க்‌ஷாப்பில் நீல நிறக் கரைசல் ஒன்று வைத்திருப்பார்கள், ரேடியேட்டர் வாயிலிருந்து வருகிற காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்பட்சத்தில் மஞ்சளாக மாறும். எனக்கு இதில் எதுவுமே இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டதே பெரிய ஆறுதல், ஆனால் கூலண்ட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

ஆறாவது மாதக் கடைசியில் ஒருவர் வேறொரு மெக்கானிக்கைச் சொல்லிவிட்டார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிரஷர் போட்டுப் பாத்தாங்களா தம்பி?”

“இல்லண்ணே.”

“வண்டிய வச்சிட்டுப் போங்க. காலைல என்ஜின் ஆறினதும் பாத்துக்கலாம்.”

மறுநாள் போனபோது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார், நடுவில் ஒரு வட்ட மீட்டர். என்ஜினைக் கிளப்பவில்லை. மூடியில் உள்ள எண் எதுவோ அதுவரைக்கும்தான் அடிக்கணும், மேலே போனால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே முள் 1.1க்கு வரும்வரை அடித்தார். அப்புறம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடத்தில் முள் 0.9க்கு வந்திருந்தது. என்ஜின் சத்தம் இல்லாததால் காது கொடுத்துக் கேட்க முடிந்தது, எங்கோ உள்ளே சன்னமாகச் சொட்டுகிற ஓசை. டைமிங் பெல்ட்டை (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற பல் வைத்த பட்டை) மூடியிருக்கிற பிளாஸ்டிக் கவரின் மேல்பாதியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஃபோன் கேமராவைச் சந்துக்குள் விட்டுக் காட்டினார். கூலண்டைச் சுற்றி ஓடவைக்கிற வாட்டர் பம்பின் அடிப்பக்கம், பட்டாணி அளவுக்குக்கூட இல்லாத ஒரு துளை, அதன் கீழே சுண்ணாம்பு வழிந்து காய்ந்த மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டின் நுனியில் ஒரு பச்சைச் சொட்டு உருண்டு, கனத்து, விழுந்தது. விழுந்த இடத்தில் இன்னொன்று.

அந்தத் துளை ஓட்டையோ உடைசலோ இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பம்பின் தண்டில் ஒரு சீல் இருக்கிறது, அதற்குப் பின்னால் பேரிங். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போய் அதைக் கெடுக்காமல் வெளியே வடிய வழி விட்டிருக்கிறார்கள். அதாவது அங்கே ஈரம் தெரிந்தால் பம்பு தன் காலம் முடிகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. என் வண்டியில் பம்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட் என்பதால் அது கவருக்குள் ஒளிந்திருந்தது. கவருக்குள்ளேயே கீழே வழிந்து, என்ஜினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் விழுந்து, நான் நிறுத்துகிற இடம் முன்பக்கம் சற்றுச் சரிவு என்பதால் தட்டு வழியே ஓடி, ரேடியேட்டர் மூலைக்குக் கீழே சொட்டியிருக்கிறது. அட்டை பொய் சொல்லவில்லை, சொட்டு எங்கே விழுகிறது என்றுதான் சொன்னது. எங்கே கிளம்புகிறது என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

எரிச்சலான விஷயம் இனிமேல்தான். இரண்டு வருடம் முன்பு டைமிங் பெல்ட் மாற்றினேன். அப்போது மாற்றியவர், பம்பும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்று கேட்டார். பம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்றேன். பம்பை எட்ட வேண்டுமானால் அதே பெல்ட்டைத்தான் மறுபடி கழற்ற வேண்டும், அன்று பம்பின் விலை மட்டும் போயிருக்கும், கூலி ஏற்கெனவே கொடுத்ததுதான். இப்போது முழுக் கூலியும் இரண்டாவது தடவை. பெல்ட்டும் புதுசு போட வேண்டும், ஏனென்றால் கூலண்டில் நனைந்த ரப்பர் பெல்ட்டை நம்ப முடியாது. அது ஓட்டத்தில் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அப்புறம் நான் இரவெல்லாம் பயந்த என்ஜின் பிரிக்கிற செலவு நிஜமாகவே வரும். ஏழு மாதம் அந்த நனைந்த பெல்ட்டோடுதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன். உங்கள் வண்டியிலும் பம்பு டைமிங் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால், பெல்ட் மாற்றும்போது பம்பையும் மாற்றிவிடுங்கள். கணக்குப் பார்க்காதீர்கள், நான் பார்த்த கணக்கு இதுதான்.

கழற்றிய பம்பைக் கையில் கொடுத்தார். தண்டைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது, சுழற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. உள்ளே இறக்கைகளில் துரு. குழாய்த் தண்ணீரா ஊற்றினீர்கள் என்று கேட்டார், தலையை ஆட்டினேன். தண்ணீரில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் சூட்டில் படிகின்றன, சீலின் முகத்தை அறுக்கின்றன. அதைவிட, வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கூலண்டில் இருக்கிற துருத் தடுப்பு நீர்த்துக்கொண்டே போகிறது. அவசரத்துக்கு ஊற்றினால் பரவாயில்லை, அதையே பழக்கமாக்கினால் கசிவை நாமே வளர்க்கிறோம். காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் டிக்கியில் கிடந்தால் போதும். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்குவதும் வேண்டாம், பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். கார் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அது. வேறு வேறு வகையைக் கலந்தால் சில சமயம் கூழ் மாதிரி திரண்டுவிடும்.

புதுப் பம்பு போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் காலை முள் ஏறியது. நிஜமாகவே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஃபோன் செய்தால் அவர் சிரிக்கிறார், உள்ளே காற்று நிற்கும், கொண்டுவாருங்கள் என்று. சுற்றைக் காலி செய்து நிரப்பும்போது மேட்டுப் பகுதிகளில் காற்று மாட்டிக்கொள்ளும், அது நிற்கிற இடத்தில் கூலண்ட் ஓடாது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சாய்தளத்தில் ஏற்றி, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினைக் கிளப்பி விட்டார். ரேடியேட்டர் வாயில் மட்டம் திடீரென்று இறங்கும், ஊற்றுவார், ஒரு பெரிய குமிழி பொளக் என்று வரும், மறுபடி இறங்கும். தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி விடுகிற வால்வு) திறந்து கீழ் ஹோஸ் சூடாகிற வரை இது நடந்தது. ஏறக்குறைய அரை லிட்டர் உள்ளே போயிருக்கும். சில வண்டிகளில் காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு திருகே இருக்கும், அது எங்கே என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் டப்பாவில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதினேன். தினமும் காலையில், கிளப்பும் முன், ஆறிய என்ஜினில் பார்ப்பேன். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதை முதல் மாதமே செய்திருந்தால் வாரத்துக்கு எவ்வளவு போகிறது என்று எண்ணில் சொல்லியிருப்பேன், அந்த எண்ணைக் கொண்டு போய்ப் பிரஷர் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அந்தச் சோதனைக்கு அவர் வாங்கிய கூலி, நான் முதலில் வாங்கிய மூடியின் விலையைவிடக் குறைவு.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது, மட்டம் அந்த டேப்பிலேயே நிற்கிறது. ஹீட்டர் மட்டும் இன்னும் வெதுவெதுப்புதான். கோரைத் தனியாகக் கழற்றித் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்து பார்த்தோம், பழுப்பாகக் கசடு வந்தது, பாதிதான் சரியானது. மாற்ற வேண்டுமானால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டுமாம். மழையில் முன்கண்ணாடி பனித்தால் இப்போதைக்குத் துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.